பாக்கி வாங்கியவர் தறியை விட்டுப் போகவே முடியாதா?

அக்கரைக்காரன் | ஞாயிறு காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு சிக்கல். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. சொந்த ஊர் ஈரோட்டுக்கு எதிர்க்கரை, பள்ளிபாளையம் பக்கம். அக்காவும் மச்சானும் அங்கேயே ஒரு தறிக்குடோனில், அதாவது விசைத்தறிக் கொட்டகையில், இருக்கிறார்கள். மச்சான் தறி ஓட்டுகிறார், அக்கா தார் போடுகிறாள், அதாவது ஊடை நூலைத் தறிக்கட்டையில் சுற்றிக் கொடுக்கிறாள். குடோனுக்குப் பின்னால் லைன் வீடு, வாடகை கிடையாது.

2006இல் கல்யாணம் ஆன கையோடு மச்சான் வாங்கிய பாக்கி பத்தாயிரம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் வேலைக்குச் சேரும்போது வாங்கும் முன்பணத்துக்குப் பெயரே பாக்கிதான். அது இன்று 1,80,000 ஆகி நிற்கிறது. நடுவில் 2015இல் குடோன் மாறினார். புது ஓனர் பழைய ஓனருக்கு 55,000 கொடுத்துத்தான் கூட்டி வந்தார்.

ஓனரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அடித்ததில்லை, திட்டியதில்லை. அக்காவுக்கு ராத்திரியில் வயிற்றுவலி வந்தபோது தன் காரிலேயே ஈரோட்டுக்குக் கூட்டிப்போனார். வட்டியும் வாங்குவதில்லை.

இந்த வருடம் அக்கா மகள் பிளஸ் டூ முடித்தாள். அரசுக் கல்லூரியில் பி.காம். இடம் கிடைத்திருக்கிறது. சரி, நீங்கள் மூன்று பேரும் திருப்பூருக்கே வந்துவிடுங்கள், இங்கிருந்தே பிள்ளை படிக்கட்டும் என்று சொன்னேன். மச்சான் போய்க் கேட்டார். "பணத்தை வைத்துவிட்டுத் தாராளமாகப் போ" என்றாராம் ஓனர். கூடவே ஒரு யோசனையும் சொல்லியிருக்கிறார்: பிள்ளையும் தார் போட வரட்டும், வாரம் ஆயிரம் ரூபாய் பாக்கியில் கழித்துக்கொள்ளலாம்.

அன்றிலிருந்து அக்கா சரியாகச் சாப்பிடுவதில்லை. என் கேள்வி ஒன்றுதான். இதற்குக் கொத்தடிமை என்று பெயரா? நான் அந்த வார்த்தையைச் சொன்னதற்கு மச்சான் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.


சோமனூர் சாதாத்தறி | ஞாயிறு 9.15

தம்பி, ஓனர் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் இல்லையா?

எனக்குப் பன்னிரண்டு தறி. பெயர்தான் ஓனர். பாவும் (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) ஊடை நூலும் ஜவுளி யாவாரி கொடுக்கிறார், நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறேன். 2014இல் பேசிய கூலி உயர்வே ஒழுங்காகக் கைக்கு வராமல், 2022 தொடக்கத்தில் வாரக்கணக்கில் தறியை நிறுத்திப் போராடியவர்கள் நாங்கள். இலவச மின்சாரம் இருக்கிறதே என்று யாரும் தொடங்க வேண்டாம், அது இல்லாவிட்டால் தறியை எடைக்குப் போட்டிருப்போம்.

இப்போது ஆள் கதைக்கு வருகிறேன். பாக்கி கொடுக்காமல் எவரும் வேலைக்கு வருவதில்லை. "எவ்வளவு தருவீங்க?" என்பதுதான் முதல் கேள்வி, கூலி எவ்வளவு என்பது அப்புறம்தான். இரண்டு வட்டிக்கு வாங்கி, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய், வட்டியில்லாமல் கொடுக்கிறேன். போன தையில் ஒரு குடும்பம் 90,000 வாங்கியது. சித்திரையில் ஒரு காலையில் போய்ப் பார்த்தால் வீடு திறந்து கிடக்கிறது, சட்டிபானைகூட இல்லை. போலீசுக்குப் போனால் "நோட்டில் கையெழுத்து மட்டும்தானே இருக்குது" என்று சிரிக்கிறார்கள். நான் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறேன். இதில் யாருங்க அடிமை?


பனியன்கட்டு | ஞாயிறு 9.50

நானும் வீட்டுக்கடன் வாங்கி இருபது வருடம் கட்ட வேண்டியவன்தான். வேலையை விட்டால் வங்கி வந்து கதவைத் தட்டும். அப்போ நானும் கொத்தடிமையா? பெரிய வார்த்தைகளைச் சும்மா தூக்கிப் போடாதீர்கள்.


பவானி வக்கீல் | ஞாயிறு 12.30

பனியன்கட்டு, உங்கள் வங்கி நீங்கள் எந்தக் கம்பெனியில் வேலை செய்ய வேண்டும் என்று சொல்கிறதா? திருப்பூரை விட்டு ஓசூருக்குப் போனால் தடுக்குமா? தவணை கட்டக் கட்ட அசல் குறைகிறது, வருடா வருடம் கணக்குத் தாள் வருகிறது. அக்கரைக்காரனின் மச்சானுக்கு இருபது வருடம் தறி ஓட்டியும் அசல் குறையவில்லை.

1956ஆம் ஆண்டு ஐ.நா. துணை உடன்படிக்கையில் கடன் அடிமைத்தனத்துக்குச் சொன்ன இலக்கணமே ஏறக்குறைய இதுதான். உழைப்பின் நியாயமான மதிப்பு கடனில் கழிக்கப்படாமல் இருந்தாலோ, எவ்வளவு காலம், எந்த மாதிரி வேலை என்று வரையறை இல்லாமல் இருந்தாலோ, அது அடிமைத்தனத்தை ஒத்த நிலை. சங்கிலி, சவுக்கு எதுவும் அந்த இலக்கணத்தில் வரவில்லை.

நம் நாட்டுச் சட்டம் 1975 அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்து, 1976 பிப்ரவரி 9இல் முழுச் சட்டமானது. கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம். அதன் 2ஆவது பிரிவை நிதானமாகப் படிக்க வேண்டும். முன்பணம் வாங்கியதற்காக ஒருவர், தானோ தன் குடும்பத்தில் ஒருவர் மூலமோ, கூலி இல்லாமல் அல்லது குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே உழைக்கிறார். அல்லது வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழக்கிறார். அல்லது விரும்பிய இடத்துக்குப் போக முடியாமல் இருக்கிறார். அல்லது தன் உழைப்பையோ அதில் விளைந்ததையோ சந்தை விலைக்கு விற்க முடியாமல் இருக்கிறார். நான்கும் வேண்டியதில்லை, ஒன்று போதும். "பணத்தை வைத்துவிட்டுப் போ" என்ற வார்த்தையிலேயே இரண்டாவது வந்துவிடுகிறது.

குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே அரசியல் சட்டத்தின் 23ஆவது பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பசியும் ஒரு கட்டாயம்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

சோமனூர் அண்ணனுக்கு ஒன்று. உங்கள் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் வட்டியில்லாமல் ஏன் கொடுக்கிறீர்கள் என்று உங்களையே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஒன்றும் வாங்காமல் ஒரு லட்சத்தை யாரும் பத்து வருடம் விட்டுவைப்பதில்லை.


ஓய்வு வாத்தியார் | ஞாயிறு 4.05

காங்கேயம் பக்கத்துக்காரன் நான், வயது 71. இந்த இழையைப் படித்ததும் என் அப்பாருவின், அதாவது தாத்தாவின், நோட்டு நினைவுக்கு வந்துவிட்டது.

எங்களுக்குக் கொரங்காடு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காடு, நிறைய, கிணற்றுப் பூமி கொஞ்சம். பண்ணையத்துக்கு இரண்டு குடும்பம் இருந்தது, இரண்டும் மாதாரிகள். அப்போது ஊரில் அப்படித்தான் சொல்வோம், இன்று அருந்ததியர் என்கிறோம். சித்திரையில் வருசக் கணக்குப் பேசுவார்கள். கூலி கம்பாகவோ சோளமாகவோ வள்ளத்தில் அளந்து போடப்படும். கல்யாணம், சாவு, காதுகுத்து எதுவானாலும் "பண்ணாடி, ஒரு அம்பது வேணுங்க" என்று வாசலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். அப்பாரு கொடுத்துவிட்டு நீளமான ஒரு சிவப்பு நோட்டில் எழுதுவார். அப்பன் சாகும்போது நோட்டில் மகன் பெயர் ஏறும். எனக்குச் சமவயதுப் பையன் ஒருவன் எங்கள் மாட்டை மேய்த்தான். அவன் கூலியாகப் பெற்றது இரண்டு வேளைச் சோறு, தீபாவளிக்கு ஒரு டிரவுசர். நான் பள்ளிக்கூடம் போகும்போது கொரங்காட்டு வேலியோரம் அவன் உட்கார்ந்திருப்பான். அதில் தப்பு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது என்பது மாதிரி அதுவும் ஒன்று.

சட்டம் வந்த செய்தியை ரேடியோவில் கேட்டோம். எமர்ஜென்சிக் காலம், அதிகாரிகளுக்கு எல்லோரும் பயந்திருந்த நேரம். மறுநாள் அப்பாரு அந்தச் சிவப்பு நோட்டை வென்னீர் அடுப்பில் போட்டு எரித்தார். நான் கல்லூரியிலிருந்து லீவில் வந்திருந்தேன், அடடா, பெரியவர் மனம் மாறிவிட்டார் என்று பெருமைப்பட்டேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. கடன் எங்கேயும் போகவில்லை, அப்பாருவின் மனப்பாடத்துக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். முன்பாவது அந்த ஆட்கள் என்னைப் போன்ற ஒரு பொடியனிடம் "கண்ணு, எங்க கணக்கு எவ்வளவுன்னு படிச்சுச் சொல்லு" என்று கேட்க முடிந்தது. நோட்டு எரிந்த பிறகு அப்பாரு சொன்னதுதான் கணக்கு.

அவர்களை விடுவித்தது சட்டம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. திருப்பூர் வளர்ந்தது, பஸ் வந்தது. மாடு மேய்த்தவன் ஒரு தைப் பொங்கலுக்குப் பிறகு திரும்பி வரவில்லை. பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டோம். அப்பாரு சாகும்வரை அவனை நன்றி கெட்டவன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கரைக்காரன் தம்பி, உங்கள் மச்சானின் கணக்கு நோட்டில் இருக்கிறதா, ஓனர் மனதில் இருக்கிறதா? முதலில் அதைப் பாருங்கள்.


மில்லுப்பிள்ளை | திங்கள் 6.20

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதத் தைரியம் வந்தது.

நான் வேடசந்தூர் பக்கம். கல்யாணமாகி இப்போது கோபியில் இருக்கிறேன். பதினாறு வயதில் அவிநாசி பக்கம் ஒரு நூற்பாலைக்கு வந்தேன். சுமங்கலித் திட்டம் என்பார்கள், சில இடத்தில் கேம்ப் கூலி என்பார்கள். மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கடைசியில் 35,000 ரூபாய் மொத்தமாக வரும், அதில் நகை எடுத்துக் கல்யாணம் பண்ணலாம் என்று ஊருக்கு வந்த புரோக்கர் சொன்னார். மாதா மாதம் கைக்கு வந்தது சோப்பு, எண்ணெய் வாங்கத்தான் காணும். ஞாயிற்றுக்கிழமை வார்டன் பக்கத்தில் நிற்க, ஐந்து நிமிடம் போன்.

இரண்டு வருடம் பத்து மாதம் ஆனபோது எனக்கு மஞ்சள் காமாலை. வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பிப் போனபோது நடுவில் விடுப்பு எடுத்ததால் திட்டம் முறிந்துவிட்டது என்றார்கள். அப்பா கெஞ்சி எட்டாயிரம் வாங்கி வந்தார்.

நீங்கள் எல்லோரும் முதலாளி கொடுத்த கடனைப் பற்றிப் பேசுகிறீர்கள். எங்கள் மில்லில் கடன் கொடுத்தவர்கள் நாங்கள். மூன்று வருடக் கூலியை அவர்களிடம் விட்டுவைத்தோம், அது கைக்கு வர வேண்டுமே என்ற பயத்தில் ராத்திரி ஷிப்ட் முடிந்து மறுபடி கூப்பிட்டாலும் எழுந்து போனோம். பணம் எந்தப் பக்கம் நின்றாலும் கேட்டுக்கு வெளியே போக முடியாதவள் நான்தான்.

இப்போது பேருந்து விட்டு ஊர்ஊராக ஆள் எடுக்கிறார்கள், மாதச் சம்பளம் வங்கிக்கே வருகிறது என்று சொல்கிறார்கள். நல்லது. அந்த 27,000 ரூபாய் என் நினைப்பை விட்டுப் போகவில்லை.


ரிக்வண்டி | திங்கள் 8.45

திருச்செங்கோடு போர்வெல் வண்டியில் ஏழு வருடம் இருந்தேன். நாற்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வண்டி ஏறினால் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று எட்டு மாதம். மழைக்காலத்தில் வீடு வருவோம், கணக்கு முடிப்பார்கள், மீதி இருந்தால் கொடுப்பார்கள். எனக்கு இரண்டு வருடம் மீதி வந்தது. அதனால் எல்லா அட்வான்சும் கொத்தடிமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முடியும் தேதி இருக்கிறதா, அதுதான் கேள்வி. ஆனால் காட்டுக்குள் வண்டி நிற்கும்போது காய்ச்சல் வந்து ஊருக்குப் போகிறேன் என்றால், மேனேஜர் கேட்பது "அட்வான்ஸ்?" என்றுதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

செங்கல் சூளையில் கல் அறுக்கப் போன என் சித்தப்பா வீட்டுக் கதை இதைவிட மோசம். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கணக்கு, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. மழையில் நனைந்து கரைந்த கல்லுக்குக் கூலி கிடையாது. சின்னப் பையன் கல்லைத் திருப்பிப் போடுவான், அவனுக்குக் கணக்கே கிடையாது.


அக்கரைக்காரன் | புதன் இரவு 10.10

வாத்தியார் ஐயா கேட்டதற்காக நேற்று ஊருக்குப் போய் நோட்டைப் பார்த்தேன். ஓனரிடம்தான் இருக்கிறது. மச்சான் "பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப்புக்குக் காட்டணும்" என்று ஒரு பொய் சொல்லி வாங்கினார். போன் கேமராவில் எடுத்துக்கொண்டேன்.

2015இல் பழைய ஓனருக்குக் கொடுத்தது 55,000. 2018இல் அம்மா வீட்டுக்கு ஓடு மாற்ற 35,000. 2020இல் கொரோனாவில் தறி நின்றபோது வாரம் ஆயிரம் என்று பதினாறு வாரம். 2022இல் மச்சானின் அப்பா காரியத்துக்கு 40,000. 2024இல் ஸ்கூல் பீஸ், அக்கா ஆஸ்பத்திரிச் செலவு சேர்த்து 34,000. கூட்டினால் சரியாக 1,80,000 வருகிறது.

சரியாக வருவதுதான் எனக்கு உறுத்தியது. 2018, 2019 இரண்டு வருடமும் வாரம் இருநூறு பிடித்தார்கள் என்று அக்கா அடித்துச் சொல்கிறாள். இருபதாயிரமாவது இருக்க வேண்டும். நோட்டில் கொடுத்தது மட்டும் இருக்கிறது, பிடித்தது ஒன்றுகூட இல்லை. கேட்டால் அது சில்லறைச் சீட்டில் எழுதியது, சீட்டு எங்கேயோ போய்விட்டது என்கிறார் மேஸ்திரி.

இன்னொரு விஷயம். அதே குடோனில் பாக்கி வாங்காத ஒருவர் இருக்கிறார், அவருக்கு மீட்டருக்கு 3 ரூபாய் 30 பைசா. மச்சானுக்கு 3 ரூபாய். ஒரு ஷிப்டுக்கு 200 மீட்டர் என்றால் நாளைக்கு அறுபது ரூபாய் குறைவு. வாரம் ஆறு நாள், வருடம் ஐம்பது வாரம் வைத்துப் பார்த்தேன். 18,000 வருகிறது. 1,80,000க்கு நூற்றுக்குப் பத்து. வட்டியில்லாக் கடன் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தோம்.


சோமனூர் சாதாத்தறி | புதன் 11.00

பிடித்ததை எழுதாதது அயோக்கியத்தனம். அதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் இரண்டு பக்கமும் எழுதித்தான் கையெழுத்து வாங்குகிறேன்.

ஆனால் நூற்றுக்குப் பத்து என்று கண்டுபிடித்ததாக எழுதுகிறீர்களே, அது நான் கட்டும் வட்டியில் பாதிகூட இல்லை. வருடத்துக்கு இருபத்திநாலு கட்டுகிறேன். மைக்ரோபைனான்ஸ் குழுவில் போய்க் கேளுங்கள், செவ்வாய்க்கிழமை ஆனால் தவணைக்கு வீட்டு வாசலில் வந்து உட்காருவார்கள். யாராவது ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவில் இருக்கும் மற்ற பெண்களே அவளைக் கிழிப்பார்கள். பாக்கியே கூடாது என்று சட்டம் போட்டுவிட்டால் பிரசவத்துக்கும் சாவுக்கும் இந்த ஜனங்கள் எங்கே போவார்கள்? எந்த வங்கி கொடுக்கும்? 2025 ஜூலையில் பள்ளிபாளையத்துத் தறிக்காரர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வந்ததே, உயர் நீதிமன்றம் சிறப்பு விசாரணைக் குழுகூடப் போட்டதே. ஓனரிடம் பணம் கிடைக்காதவர்கள் போகும் இடம் அது.


மில்லுப்பிள்ளை | வியாழன் 5.50

ஓனரிடம் பாக்கி இருந்தவர்களும் போனார்கள் அண்ணா. பாக்கியை அடைக்கக் குழுக் கடன், குழுவை அடைக்கக் கந்துவட்டி, அதை அடைக்கத்தான் அந்த ஆஸ்பத்திரி. என் நாத்தனார் ஊரில் இப்படி ஒருவரைத் தெரியும். இடுப்பில் தழும்போடு இன்னும் தறிதான் ஓட்டுகிறார், கனமான பாவைத் தூக்க முடியாததால் கூலி முன்னைவிடக் குறைவு.


பவானி வக்கீல் | வியாழன் 1.15

சோமனூர் அண்ணன் கேட்டது சரியான கேள்வி. அதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. நாலு தறி, எட்டுத் தறி வைத்திருப்பவர் தலையில் தொழிலாளியின் ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாணச் செலவு எல்லாம் விழுகிறது. கூலியைக் குறைத்து வைத்திருக்கும் யாவாரி பெயர் எந்த நோட்டிலும் வருவதில்லை. நான் பார்த்த வழக்குகளில் கூண்டில் நின்றவர்கள் எல்லாம் சின்ன ஓனர்கள், சூளை மேஸ்திரிகள்.

இருந்தாலும் நூற்றுக்குப் பத்தா இருபத்திநாலா என்பதல்ல பிரச்சினை. இருபத்திநாலு வட்டி கட்டும் நீங்கள் நாளைக்கே வேறு யாவாரியிடம் பாவு வாங்கலாம். மச்சான் பக்கத்துக் குடோனுக்குப் போவதென்றால் அங்கே ஒருவர் அவருக்காகப் பணம் எண்ணி வைக்க வேண்டும். வைத்தால் பாக்கியும் கூடவே போகும். ஆளை விற்று வாங்குவதற்கு வேறு என்ன பெயர் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கரைக்காரனுக்கு நடைமுறை சொல்கிறேன். மனுவை மாவட்ட ஆட்சியருக்கோ வருவாய்க் கோட்டாட்சியருக்கோ கொடுக்கலாம். விசாரித்துக் கொத்தடிமை முறைதான் என்று தெரிந்தால் விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். அந்தத் தாள்தான் உயிர். சட்டத்தின் 6ஆவது பிரிவுப்படி கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பே ஒழிந்துபோகிறது. அதன் பிறகும் வாங்கினால் வாங்கியவருக்கு மூன்று வருடம் வரை சிறை. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் சுமை 15ஆவது பிரிவில் ஓனர் தலையில் இருக்கிறது, மச்சான் தலையில் இல்லை. எனவே நோட்டு இல்லையே, சீட்டு இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

மறுவாழ்வுத் தொகையை ரொம்ப நம்பிவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டின் மத்தியத் திட்டத்தில் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், கொடுமை அதிகமான வழக்குகளில் மூன்று லட்சம். உடனடி உதவியாக முதலில் 20,000 என்றிருந்து பிறகு 30,000 ஆனது. மீதியை வழக்கில் தண்டனையோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள், அது எத்தனை வருடம் இழுக்கும் என்று கோர்ட் வாசலில் நிற்பவர்களைக் கேளுங்கள்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். பிப்ரவரி 9 வந்தால் எல்லா அலுவலகத்திலும் கொத்தடிமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். மறுநாள் மனு கொண்டு போனால் "பூட்டி வைத்தார்களா? அடித்தார்களா? செல்போன் வைத்திருக்கிறாயே, பைக்கில் வந்திருக்கிறாயே" என்று கேட்பார்கள். போன் இருப்பதற்கும் சட்டத்தின் 2ஆவது பிரிவுக்கும் சம்பந்தமில்லை என்று மரியாதையாகச் சொல்ல ஒருவர் கூட இருக்க வேண்டும்.

நோட்டின் படங்களைப் பார்த்தேன். உங்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டதா? எந்தப் பக்கத்திலும் உங்கள் அக்கா பெயர் இல்லை.


பனியன்கட்டு | வியாழன் 3.30

முதலில் எழுதியதற்கு மன்னிக்கவும். திருப்பூரில் வீடு பார்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், அனுப்பர்பாளையம் பக்கம் தெரிந்த இடம் இருக்கிறது.


அக்கரைக்காரன் | இருபது நாள் கழித்து, ஞாயிறு இரவு

நிறையப் பேர் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தீர்கள்.

மச்சான் மனு கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். "கலெக்டர் சர்ட்டிபிகேட் கொடுப்பார், அப்புறம் இந்தக் கரையில் எந்தக் குடோனிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது தறி ஒன்றுதான்" என்கிறார். அந்த வார்த்தையும் அவருக்குப் பிடிக்கவில்லை. "நான் கடன்காரன், அடிமை இல்லை" என்றார். நான் வாதாடவில்லை.

அக்காவிடம் மட்டும் வக்கீல் அண்ணன் கடைசியில் எழுதியதைப் படித்துக் காட்டினேன். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிவிட்டு வந்து, "என் பேரே இல்லையா?" என்று மறுபடி கேட்டாள். போனில் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக் காட்டினேன்.

மறுநாள் அவள் தார் போடப் போகவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தாள். இப்போது இரண்டு பேரும் திருப்பூரில் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். அக்கா செக்கிங் வேலைக்குப் போகிறாள், வாரச் சம்பளம். மச்சான் அங்கேயே லைன் வீட்டில் தனியாக, ஞாயிறு ஞாயிறு பஸ்ஸில் வந்து போகிறார்.

இன்று மதியம் மச்சானோடு மேஸ்திரியும் வந்திருந்தார். காபி குடித்தார், பிள்ளை படிப்பை விசாரித்தார், அப்புறம் மெதுவாக, "அம்மிணி, நீ பாட்டுக்கு இங்க வந்துட்டா பாக்கி என்னாகிறது? ஓனர் சங்கடப்படறாரு" என்றார்.

அக்கா உள்ளே போய் என் போனை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தாள். "அண்ணா, இதில் என் பேர் எந்தப் பக்கத்தில் இருக்குதுன்னு காட்டுங்க. பதினொரு வருசமா தார் போட்டிருக்கேன், அந்தக் கூலி எழுதின பக்கம் இருந்தா அதையும் காட்டுங்க."

மேஸ்திரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிட்டார். மச்சான் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். போகும்போது வாசலில் நின்று, "மனுவை யார் பேரில் கொடுத்தாலும் விசாரணைக்கு என்னையும் கூப்பிடுவாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

வக்கீல் அண்ணா, அக்கா பெயரில் எழுத வேண்டும் என்றால் எப்படித் தொடங்க வேண்டும்?


பவானி வக்கீல் | ஞாயிறு 11.40

தனிமடல் அனுப்பியிருக்கிறேன். எத்தனை நாள், எத்தனை ஷிப்ட், தார் எத்தனை என்று அக்காவுக்கு நினைவிருப்பதை எல்லாம் அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். மச்சானையும் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிடுங்கள்.